தொட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்

அவர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வெயிலில் வந்த களைப்பு. ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவினார். அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகுதான், “நல்லா இருக்கு” என்றார். தண்ணீரைச் சொன்னாரா, டம்ளரைச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர் போனதும், “நம்ம வீட்டுப் பாத்திரத்த நம்மகிட்டயே சோதனை போடறாங்களே, எந்த ஊர் மரியாதை இது?” என்று கேட்டார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குப்பத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் கிடையாது. ‘தொட்டுப் பாக்குற அம்மா’ என்பார்கள். நான் மேடம் என்பேன். யாராவது டாக்டரம்மா என்று கூப்பிட்டால் உடனே திருத்துவார். “நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க. எனக்கு ஊசி போடக்கூடத் தெரியாது. கிருமி எங்க தங்குதுன்னு தேடறவ, அவ்வளவுதான்.”

எழுபதுகளின் கடைசி அது. நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு நர்ஸ். குடியிருந்தது பழவேற்காட்டில், காசிம் பாய் வீட்டின் பின்கட்டில். காலையில் படகில் அக்கரைக்குப் போய், வேலை முடிந்ததும் படகில் திரும்புவேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவே மணல்மேடு, அதன்மேல் குப்பம். எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். வாயில் வைக்க முடியாது. சவுக்குத் தோப்பில் தோண்டிய ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும். ஊரார் வீட்டுக்கு வீடு வரி போட்டு ஒரு டீசல் மோட்டார் வாங்கினார்கள். கிணற்றுத் தண்ணீரை ஏற்றிவைக்க உயரமாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். அடியில் வரிசையாகக் குழாய்கள். முன்னே நின்று கட்டியவர் ஊர்த் தலைவர். அந்தத் தொட்டி அவருக்கு இன்னொரு பிள்ளை மாதிரி. அதன் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் வீட்டு ஆணியில் மாட்டிவைத்திருந்தார்.

தொட்டி வந்தால் வாந்திபேதி போய்விடும் என்று எல்லாரும் நம்பினோம். போகவில்லை. அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஏரி பெருகி, கிணற்றுக்குள் அழுக்குத் தண்ணீர் புகுந்தது. ஒரு பெரியவரும் ஒரு கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். நான் கிணற்றிலும் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். கண் எரிய, மூக்கு எரிய ஊற்றினேன். நின்றது. பொங்கல் முடிந்ததும் மறுபடி இரண்டு வீட்டில். மறுபடி பவுடர். நின்றது. மாசியில் மறுபடி. மேலிடத்திலிருந்து ஆள் வந்து கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. கூடவே எனக்கு ஒரு மெமோவும் வந்தது. நான் பவுடரை ஒழுங்காகப் போடுவதில்லை, சோதனைக்கு ஆள் வரும் நேரம் பார்த்து மட்டும் போடுகிறேன், மற்ற நாளில் மூட்டை எங்கே போகிறது என்று விளக்கம் சொல்ல வேண்டும் என்று. வேலை போனால் போகட்டும், திருடி என்ற பேரோடு போக வேண்டுமா என்று அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, வாயல் புடவை, தோளில் கண்ணாடிக் குப்பிகள் கலகலக்கும் ஒரு துணிப்பை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் விறுவிறுவென்று நடந்து நேராகத் தொட்டியடிக்குப் போனார். தலைவர் அங்கேயே இருந்தார்.

“தண்ணி கீழ கொழாய்ல வருது. மேல ஏறி இன்னாம்மா பாக்கப் போற?” என்றார் தலைவர்.

“தண்ணிய நெறைய பேர் பாத்துட்டாங்க. நான் சுவத்தப் பாக்கறேன்.”

“செவுத்துல இன்னா கீது?”

“தெரியல. தொட்டுப் பாத்தாதான் தெரியும்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினார். கீழே நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். தலைவரிடம் கேட்டு வாங்கிய சாவியால் மூடியைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தடவினார். ஒரு குப்பியில் எதையோ வழித்துப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து என்னிடம் விரலை நீட்டினார். நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெண்டைக்காய் நறுக்கினால் கையில் ஒட்டுமே, அதுபோல ஒரு வழவழப்பு.

திரும்பும் படகில் சொன்னார்: “இது அழுக்கு இல்ல சிஸ்டர். கிருமிங்க கட்டிக்கிற வீடு. ஈரமான சுவர் கெடச்சா போதும், ஒரு பசையச் சுரந்து ஒட்டிக்கும். அதுமேல இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணுன்னு படலமா வளரும். நீங்க ஊத்தற பவுடர் மேல இருக்கறதக் கொல்லும், அதுலயே அதோட வீரியம் தீந்துடும். அடியில இருக்கறதுக்கு வாசனைகூடப் போய்ச் சேராது. அப்புறம் ஒருநாள் ஒரு துணுக்கு பிஞ்சு தண்ணியில விழும். அன்னிக்குக் குடிச்சவங்களுக்குச் சீக்கு. நாலு நாள் கழிச்சு வந்து தண்ணி புடிச்சா சுத்தமா இருக்கும்.”

“அப்படின்னா நான் பவுடர் போட்டது…”

“சரியாத்தான் போட்டிருப்பீங்க. ஆனா இதெல்லாம் இப்போதைக்கு என் நெனப்பு. இன்னும் உறுதியாத் தெரியல.”

அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. மெமோ வந்த நாளிலிருந்து, நான் சரியாகச் செய்திருக்கலாம் என்று வாய்திறந்து சொன்ன முதல் ஆள் அவர். படகுக்காரர் பார்க்காதபடி ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

‘தெரியல’ என்ற அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம்மில் பலருக்கு அதைச் சொல்வதற்குள் குரல் இறங்கிவிடும். படித்தவர்கள் அந்தச் சொல்லை வேறு நாலு சொல்லுக்குள் ஒளித்துவைப்பார்கள். இவரோ, கடைக்காரர் “அரிசி தீந்துபோச்சு” என்று சொல்வதுபோல, எதிராளியின் கண்ணைப் பார்த்துச் சொல்வார். சொல்லிவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். அடுத்த நிமிஷமே எதையாவது தொட்டுப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அப்படித் தொடப் போய்த்தான் கன்னியம்மாவிடம் மாட்டிக்கொண்டார். கன்னியம்மா பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். குரலும் பெரிது, மனசும் பெரிது. அவளுடைய சின்ன மகளுக்கு மாசியில் பேதி வந்து, ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிப் பிழைத்து வந்திருந்தாள். அந்த வீட்டுக்கு இவரைக் கூட்டிப்போனேன். உள்ளே போனதும் இவர் கேட்காமல் கொள்ளாமல் தண்ணீர்ப் பானைக்குள் கையை விட்டார்.

“ஏம்மா! எம் பானையில இன்னா தேடற? நான் சுத்தமில்லாதவன்னு சொல்றியா?” என்று கத்திய கன்னியம்மா, பானையை அப்படியே தூக்கி வாசலில் போட்டு உடைத்தாள். தண்ணீர் மணலில் பாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இவர் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு புதுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகில் ஏறினார். கன்னியம்மா வீட்டு வாசலில் அதை இறக்கிவைத்துச் சொன்னார்: “கேட்டுட்டுத் தொட்டிருக்கணும். தப்புதான். உங்க பானை ரொம்ப சுத்தமா இருந்துச்சுங்க. உள்பக்கம் துளி வழவழப்பு இல்ல. அதச் சொல்றதுக்குள்ள உடைச்சிட்டீங்க.”

கன்னியம்மா கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. “தெனமும் நாரு போட்டுத் தேய்க்கிறேன்மா. அப்பறம் எப்புடி எம் பொண்ணுக்கு வந்துச்சு?”

“அதான் நானும் யோசிக்கறேன். கிணத்தத் தொட்டுப் பாத்தேன், பரவாயில்ல. பானை சுத்தம். நடுவுல இருக்கறது தொட்டி ஒண்ணுதான்.”

தலைவருக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் கோபம் வந்தது. தொட்டியைக் குற்றம் சொன்னால் அவரைக் குற்றம் சொன்ன மாதிரி. நேராக நான் மருந்து கொடுக்கிற சப்சென்டருக்கு வந்தார். அது ஓடு வேய்ந்த ஒற்றை அறை. ஜன்னலோரம் மேஜையில் மேடம் மைக்ராஸ்கோப்பை வைத்து, அடியிலிருந்த சிறு கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். சண்டை போட வந்தவரை, “இங்க வாங்க, உங்க தொட்டியில இருக்கறவங்களப் பாருங்க” என்று கூப்பிட்டார்.

தலைவர் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“இன்னாது இது? சொறிமீன் கணக்கா கொழகொழன்னு கீது. நகருது!”

“அதுக்குப் பேர் அமீபா. அந்த வழவழப்புமேல மேஞ்சுக்கிட்டே இருக்கும். கிருமிங்கதான் அதுக்குத் தீனி.”

“அப்ப நல்லதாப் போச்சு. தின்னுட்டுப் போவட்டும்.”

“தின்னும். பெரும்பாலும் செரிச்சுடும். சில கிருமி மட்டும் செரிக்காம, வயித்துக்குள்ளயே உயிரோட இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். உள்ள பொடிப்பொடியா நெளியுது பாருங்க.”

தலைவர் மறுபடி குனிந்தார். “அடப்பாவி! முழுங்கினவன் வயித்துலயே குடித்தனம் பண்றானா?”

“பவுடர் மாதிரி ஆபத்து வந்தா இந்த அமீபா சுத்தி ஒரு ஓடு கட்டிக்கிட்டு, உருண்டையாச் சுருண்டு தூங்கிடும். அந்த ஓட்ட உடைக்கறது சுலபமில்ல. உள்ள எதாவது உயிரோட இருந்தா, அதுவும் கூடச் சேந்து தப்பிச்சுக்கும்.”

தலைவர் நிமிர்ந்தார். இறந்துபோன பெரியவர் அவருடைய சித்தப்பா. “அப்ப அந்த நெளியறதுதான் எங்க சித்தப்பன எடுத்துக்கினு போனதா?”

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊரே வழிக்கு வந்திருக்கும். இவர் தலையை ஆட்டினார். “தெரியலைங்க. இது அந்தக் கிருமிதானான்னு இந்தக் கண்ணாடியில பாத்துச் சொல்ல முடியாது. மெட்ராஸ்ல வளத்துப் பாக்கணும்.”

“எத்தக் கேட்டாலும் தெரியலன்ற. பின்ன இன்னாத்துக்கு வந்த?” என்று தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பங்குனியில் மேடம் சோதனை முடிவோடு வந்தார். சுவரில் வழித்ததில் காலராக் கிருமி வளர்ந்திருந்தது. அதே நாளில் குழாயில் பிடித்த தண்ணீரில் இல்லை. முகத்தில் சந்தோஷம் இருந்தது, பயமும் இருந்தது. அவருடைய மேலதிகாரி, ஒரு குப்பியை வைத்துக்கொண்டு எதுவும் பேசக்கூடாது, இன்னும் பல தடவை செய்து பார்த்த பிறகு சொல்லலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

“அவர் சொல்றது நியாயந்தான் சிஸ்டர். ஆனா திருவிழா எப்போ?”

அம்மன் திருவிழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஆந்திரா பக்கத்திலிருந்தும் எண்ணூர்ப் பக்கத்திலிருந்தும் உறவுக்காரர்கள் குவிவார்கள். எல்லாருக்கும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

“அப்ப சொல்லித்தான் ஆகணும்” என்றார்.

ஊர்க்கூட்டம் கோயில் எதிரில் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருக்க, பெண்கள் தள்ளி நின்றார்கள். தொட்டியை முழுதாகக் காலி செய்ய வேண்டும், உள்ளே இறங்கி நார் போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்ததை வெளியே தள்ளிவிட்டு அதன் பிறகு பவுடர் பூச வேண்டும், மறுபடி கழுவ வேண்டும் என்று மேடம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகம் சுருங்கியது. கிணற்றில் ஊற்று குறைந்துவிட்ட நேரம். இருக்கிற தண்ணீரைக் கொட்டினால் தொட்டி மறுபடி நிரம்பப் பல நாள் ஆகும்.

தலைவர் எழுந்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்மா. தொட்டியக் கழுவினா திருவிழாவுல ஒருத்தனுக்கும் வராதுன்னு உறுதியாச் சொல்லு. இப்பவே தொறந்து உடறேன்.”

நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம் என்று சொல்லுங்கள், ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்று.

“உறுதியாச் சொல்ல முடியாதுங்க” என்றார் அவர். “வேற வழியிலயும் வரலாம். சுவத்துல கிருமி இருக்கு, அது மட்டும் தெரியும். அதக் கழுவினா நல்லதுன்னு நெனைக்கறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

“உறுதி இல்லாத பேச்சுக்கு ஊரு குடிக்கிற தண்ணியக் கொட்டச் சொல்றியா?” கூட்டம் சலசலத்துக் கலையப் பார்த்தது.

அப்போது பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல் எழுந்தது. அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் கிடையாது.

“இரு நைனா, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். உறுதியாச் சொன்னவங்க எத்தினியோ பேரு வந்தாங்க. தொட்டி கட்டினா வராதுன்னாங்க, வந்துச்சு. பவுடரு போட்டா வராதுன்னாங்க, வந்துச்சு. தண்ணி சுத்தம்னு எழுதிக் குடுத்தாங்க, எம் பொண்ணு கண்ணு சொருகிக் கெடந்தா. தெரியாதத தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு இந்தம்மாதான். அதனால அவங்க தெரியும்னு சொல்றத நான் நம்பறேன். நீங்க தொறக்காட்டிப் போங்க, நாங்க பொம்பளைங்க போய்த் தொறந்துக்கிறோம்.”

தலைவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பாமலே சொன்னார்: “நான் தொறக்க மாட்டேன். சாவி ஆணியில தொங்குது.”

குடிதண்ணீருக்கு என்ன செய்வது என்று காசிம் பாயிடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “தண்ணிதானம்மா? எங்க கிணத்துல எடுத்துக்கங்க. ஜமாத்துல நான் பேசிக்கிறேன். படகு எத்தன வேணும்?” என்றார். தொட்டி நிரம்புகிறவரை பழவேற்காட்டிலிருந்து குடங்களும் டிரம்களும் படகில் அக்கரை போய்க்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் நார் போட்டுத் தேய்த்த பிறகுதான் ஏற்றினார்கள். காசிம் பாயே கரையில் நின்று ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

தண்ணீர் வடிந்த தொட்டிக்குள் முதலில் இறங்கியவர் மேடம்தான். வேண்டாம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறங்கினார். இரண்டடி வைத்திருப்பார். எந்த வழவழப்பைப் பற்றி எங்களுக்கு அத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாரோ அதிலேயே கால் வழுக்கிவிட்டது. விழுந்த சத்தம் தொட்டிக்குள் எதிரொலித்து வெளியே கேட்டது. வலது கையை ஊன்றியிருக்கிறார், மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மேலே தூக்கி வந்து, மூங்கில் பத்தையை வைத்துப் பழைய புடவைத் துணியால் நான் கட்டுப் போட்டேன். உதடு வெளுத்துப்போயிருந்தது. ஏதோ சொல்ல வந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று குனிந்தேன். “தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு குப்பியில வழிச்சு எடுத்துடச் சொல்லுங்க சிஸ்டர். நாலு மூலையிலயும்.”

கேட்டுக்கொண்டிருந்த தலைவர், “இன்னா பொம்பளடா இது!” என்றார். அவர்தான் படகைத் தள்ளிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய், கடைசிவரை கூடவே இருந்து பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டவர். அங்கே தொட்டிக்குள் பெண்கள் அணி அணியாக இறங்கி, சுவர் சொரசொரவென்று கைக்குத் தட்டுப்படும்வரை தேய்த்தார்கள். நாலு மூலைக் குப்பியை மறக்காமல் எடுத்துவைத்தவள் கன்னியம்மா.

திருவிழா நடந்தது. தேர் வந்தது, கூட்டம் வந்தது, கூழ் ஊற்றினார்கள். நான் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, எந்த வீட்டிலிருந்து ஆள் ஓடிவருமோ என்று பார்த்தபடியே இருந்தேன். ஒருவருக்கும் வரவில்லை. மாவுக்கட்டோடு வந்திருந்த மேடத்தின் தட்டில் தலைவரே பழமும் தேங்காயும் வைத்து, “ஒன்னாலதாம்மா” என்றார். “தெரியலைங்க. அடுத்த மழை வரைக்கும் பாக்கணும்” என்றார் இவர். இந்தத் தடவை தலைவர் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

என் விசாரணை சித்திரையில் வந்தது. ஜில்லா அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நான் அவரைக் கூப்பிடவே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கையால் பின்னத் தெரியாமல் தலைமுடி கலைந்து தொங்கியது. “உக்காருங்க மேடம்” என்று சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்து, என் பையிலிருந்த சீப்பால் வாரிப் பின்னிவிட்டேன். குழந்தை மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்த வகிட்டையே மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தேன். “பின்னல் கோணலாப் போகப்போகுது சிஸ்டர், பயப்படாதீங்க” என்றார்.

அதிகாரி எங்களை நிற்கவைத்தே பேசினார். “பவுடர் போட்டா கிருமி சாகணும். சாகலேன்னா போடலேன்னுதானே அர்த்தம்?”

“போட்டாங்க. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் நின்னுச்சு” என்றார் மேடம். “சுவத்துல ஒட்டியிருந்தது சாகல. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துச்சு. சுவத்துல இருந்து எடுத்து வளத்துப் பாத்திருக்கேன். தேய்க்கறதுக்கு முன்னாடி நாலு மூலையில எடுத்ததுலயும் மூணுல வளந்திருக்கு.”

“இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“முழுசா எதுலயும் இன்னும் இல்ல. இனிமேதான் எழுதணும். புத்தகத்துல இல்லாத ஒண்ணு இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நீங்க எதிர்பாக்க முடியாது. எனக்கே தெரியாது சார். எங்க ரெண்டு பேருக்கும் தெரியாததுக்கு இவங்க ஒருத்தருக்கு மட்டும் தண்டனை குடுத்தா எப்படி?”

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். “உங்க ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல. லீவு போட்டுட்டு வந்தேன்.”

மெமோ ரத்தானது. வெளியே வந்து டீ குடித்தோம். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் டீ கிளாஸை இடது கையில் திருப்பித் திருப்பி உட்புறத்தைப் பார்த்தார். கடைக்காரர் முறைத்தார்.

அந்த லீவு அவருக்கு என்ன செய்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேலதிகாரி சொல்லை மீறி ஊர்க்கூட்டத்தில் பேசியதும், இன்னொரு இலாகாவின் அதிகாரி முன்னால் சாட்சி சொன்னதும் பெரிய குற்றமாகிவிட்டன. பழவேற்காட்டு வேலையை நிறுத்தினார்கள். குப்பிகளோடு வந்துபோய்க்கொண்டிருந்தவர் ஒருநாள் வரவில்லை, அப்புறம் வரவேயில்லை. கன்னியம்மா மார்க்கெட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “எங்க நர்சம்மா அந்த தொட்டுப் பாக்குற அம்மா?” என்பாள். அடுத்த மழையில் குப்பத்தில் ஒரே ஒரு வீட்டில் பேதி கண்டது. அவர்கள் வெளியூரில் கல்யாணம் போய்விட்டு வந்தவர்கள். மாதத்துக்கு ஒருமுறை, கடலுக்கு யாரும் போகாத நாளில் தொட்டி கழுவுவது ஊர்க்கட்டு ஆகிவிட்டது. இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தவித்தேன்.

எண்பதுகளின் நடுவில், என் மகளைக் காலேஜில் சேர்க்க மெட்ராஸ் போனபோது விசாரித்துக் கண்டுபிடித்தேன். நர்சுகளுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் பாடம் எடுக்கிற ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்தார். ஆராய்ச்சி கிடையாது. மைக்ராஸ்கோப் பழையது, அதுவும் ஒன்றுதான். முடியில் பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், “சிஸ்டர்! தொட்டி எப்படி இருக்கு?” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை கேட்டுக்கொண்டார். அப்புறம் மேஜையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்து, ஒரு படத்தைக் காட்டினார். வேறொரு கிருமியாம், வேறொரு சீக்காம். ஆனால் அமீபாவுக்குள் அது சாகாமல் பெருகுவதை யாரோ பார்த்து எழுதியிருந்தார்கள். “நடக்கும்னு தெரிஞ்சுபோச்சு பாருங்க” என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“நீங்க பாத்திருக்க வேண்டியது மேடம். என்னாலதான்…”

“யார் பாத்தா என்ன சிஸ்டர்? நான் பாத்தது அதுதானான்னு இப்பவும் எனக்குத் தெரியாது. ஆனா உங்க விஷயத்துல என்ன செய்யணும்னு அன்னிக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அப்படித் தெளிவா இருந்த நாள் என் வாழ்க்கையில ரொம்பக் கொஞ்சம்.”

இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். அழகாகச் சொல்ல வரவில்லை. என் வேலை, என் மானம், அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் என்று ஏதோ உளறினேன். அவர் என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தது. பிடித்த கையை விடாமல் என்னை வகுப்பறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைப் புடவையில் இளம்பெண்கள் எழுந்து நின்றார்கள்.

“இன்னிக்கு நான் பாடம் எடுக்கப் போறதில்ல” என்றார் அவர்களிடம். “ஒரு ஊர்ல எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் சேந்து ஒரு தொட்டியக் கழுவினாங்க. இவங்க அங்க நர்ஸ். நடந்ததச் சொல்லுவாங்க. எனக்கும் முழுக் கதை தெரியாது.”

கரும்பலகைக்கு முன்னால் என்னைத் தனியாக நிறுத்திவிட்டு அவர் நடந்து போனார். கடைசி பெஞ்சில் இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்து, பேனா மூடியைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தேன்.